பனி விலகிய ஆண்டு எது?

1905 கோடை விடுமுறையில் ஸ்டாக்ஹோம், உப்சாலா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் மண்வெட்டியும் கத்தியும் காகிதச் சுருளுமாகக் களிமண் பள்ளங்களில் இறங்கினார்கள். செங்கல்லுக்காக மண் எடுத்த குழி, ரயில் பாதைக்காக வெட்டிய சரிவு, ஓடைக்கரை என்று களிமண் வெளியே தெரிந்த இடமெல்லாம் ஆளைப் போட்டாயிற்று. மண்சுவரைச் செங்குத்தாக வெட்டிக் கத்தியால் வழித்து வழவழப்பாக்கினால் அதில் கோடுகள் தெரியும்: வெளுத்த பட்டை, அதன்மேல் கறுத்த பட்டை, மறுபடி வெளுப்பு, மறுபடி கறுப்பு. காகிதப் பட்டையைச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்து ஒவ்வொரு கோட்டுக்கும் பென்சிலால் ஒரு குறி போடவேண்டும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த மாணவர் இதையே செய்துகொண்டிருப்பார். இப்படிச் சுமார் 200 கிலோமீட்டர் தூரத்துக்கு அளந்தார்கள்.

வேலையைக் கொடுத்தவர் யெரார்ட் டி யேர் என்னும் ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர். 1878இல், இருபது வயதில், ஸ்டாக்ஹோம் அருகே இந்தக் கோடுபோட்ட களிமண்ணைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரு சந்தேகம். ஒரு வெளுப்பும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் ஓர் ஆண்டோ?

ஸ்காண்டிநேவியாவை ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கான தடிப்புள்ள பனிப்பாளம் மூடியிருந்தது என்பது அப்போதே தெரியும். எங்கிருந்தோ இழுத்து வந்து வயல் நடுவில் போட்ட பாறைகளும், வழவழவென்று தேய்த்துக் கீறல் போட்ட மலைமுகங்களும் அதற்குச் சாட்சி. அது எப்போது விலகியது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வந்தது. பனி போகும்போது தேதி எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. விட்டுப்போனது கல், மண், கலங்கல் நீர், இவ்வளவுதான்.

டி யேர் பிடித்துக்கொண்டது அந்தக் கலங்கல் நீரை. பனிப்பாளத்தின் விளிம்பு அன்றைய பால்டிக் நீருக்குள் நின்றது. கோடையில் பனி உருகும்போது மணலும் வண்டலும் களியும் ஒன்றாக அடித்துக்கொண்டு வரும். மழைக்காலத்து ஆற்றுநீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மணல் உடனே அடியில் இறங்கிவிடுகிறது. நீர் தெளிய மறுநாள் காலை ஆகிறது. அங்கே நடந்ததும் அதுதான். பருமனானவை கோடையிலேயே படிந்து வெளுத்த பட்டை ஆயின. குளிர்காலத்தில் உருகுவது நின்று மேற்பரப்பு உறைந்து நீர் அசையாமல் கிடக்கும்போது, மிதந்துகொண்டிருந்த மென்களி மெல்ல இறங்கிக் கறுத்த பட்டையாயிற்று. அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து. இந்த ஜோடிக்கு வார்வ் என்று பெயர்.

வார்வை எண்ணினால் ஆண்டு கிடைக்கும் என்பது பாதி யோசனைதான். மீதிப் பாதியில்தான் டி யேரின் சாமர்த்தியம் இருக்கிறது. ஓரிடத்தில் பனி நிற்கும்வரை அங்கே களி படிய வழியில்லை. பனி விலகி நீர் வந்து சேரும் கோடையில்தான் முதல் வார்வ் விழும். ஆக, எந்தக் குழியிலும் பாறையையோ பனி விட்டுப்போன கல்மண்ணையோ தொட்டுக்கொண்டிருக்கும் அடிவார்வ்தான் அந்த இடத்தைப் பனி காலி செய்த ஆண்டு. வடக்கே போகப்போக அடிவார்வ் இளமையாகும். முதல் குழியில் இருக்கும் கீழ் அடுக்குகள் சில, வடக்கே உள்ள அடுத்த குழியில் இருக்காது. எத்தனை குறைகிறதோ அத்தனை ஆண்டுகளில் பனி அந்த இடைவெளியைக் கடந்திருக்கிறது.

சரி, இந்தக் குழியின் எந்த அடுக்கு அந்தக் குழியின் எந்த அடுக்கு? அதற்குத்தான் காகிதப் பட்டை. வெயில் அதிகமான ஆண்டில் நிறைய உருகும், வார்வ் தடிக்கும். மந்தமான ஆண்டில் மெலியும். தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் வரிசை பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பட்டைகளையும் வரைபடமாக்கி ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினால் ஓரிடத்தில் ஏற்ற இறக்கம் பொருந்தும். ஸ்டாக்ஹோம் பக்கத்தில் பனி விளிம்பு ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் பின்வாங்கியது என்று இப்படித்தான் தெரியவந்தது. 1910இல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேசப் புவியியல் மாநாட்டில் கடந்த 12,000 ஆண்டுகளின் காலக்கணக்கு என்று டி யேர் இதை முன்வைத்தார். அணுவைப் பிளக்காமல், ரசாயனம் தொடாமல், பென்சிலும் காகிதமும் கொண்டு எடுத்த கணக்கு. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு மலிவான கருவிகளால் இவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தர்ப்பங்கள் குறைவு.

ஆனால் எண்ணிக்கை ஒன்று, தேதி வேறு. இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போகப் பனிக்கு 300 ஆண்டு ஆயிற்று என்று வார்வ் சொல்லும். அந்த 300 எப்போது என்று சொல்லாது. கடைசி வார்வை நிகழ்காலத்தோடு முடிச்சுப் போட்டாக வேண்டும். இதற்கு டி யேர் முதலில் போய்ச் சேர்ந்த இடம் ராகுண்டா. அந்த ஏரியின் கதையை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

மத்திய ஸ்வீடனில் ராகுண்டா ஏரியின் வாயில் பெரிய அருவி ஒன்று இருந்தது. வெட்டி மிதக்கவிடும் மரமெல்லாம் அருவியில் விழுந்து சிதைந்தன. மாக்னஸ் ஹுஸ் என்ற வியாபாரி, அருவியைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டினால் தொல்லை தீரும் என்று வேலையை ஆரம்பித்தார். 1796 வசந்த வெள்ளம் அரைகுறை வாய்க்காலுக்குள் புகுந்தது. அடியில் இருந்தது வெறும் மணல். ஜூன் 6ஆம் தேதி இரவு கரை அரித்துக்கொண்டு போக, 25 கிலோமீட்டர் நீள ஏரி நான்கு மணி நேரத்தில் காலியாயிற்று. அருவி இருந்த இடத்தில் இன்று ஈரமில்லாத பாறைதான் இருக்கிறது. செத்த அருவி என்றே அதற்குப் பெயர். அடுத்த ஆண்டு ஹுஸ் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார். ஊருக்கு நேர்ந்த அந்த விபத்து நூறாண்டு கழித்து டி யேருக்குப் பயன்பட்டது: வடிந்துபோன ஏரித்தரையை ஆறு அறுத்து, படிந்த மண்ணையெல்லாம் வெட்டுமுகமாகக் காட்டியது. மேலடுக்கின் தேதியும் தெரியும், 1796. கீழிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் போதுமல்லவா? போதவில்லை. மேல் அடுக்குகள் தெளிவாகப் பிரியவில்லை.

முடிச்சு விழுந்தது ஒங்கர்மான் ஆற்றில். டி யேரின் மாணவர் ராக்னர் லிடேன் அங்கே பல ஆண்டு உழைத்தார். பனியின் பாரம் இறங்கியதால் அந்தக் கடற்கரை இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. பனி விலகிய காலத்துக் கடற்கரை இப்போது 286 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆறு கடலில் கலக்குமிடத்தில் ஆண்டுதோறும் ஓர் அடுக்கு படியும். தரை உயர உயர அது கடலுக்கு மேலே வரும். ஆறே அதை அறுத்துக் கரையாக்கும். முகத்துவாரம் மேலும் கீழே நகரும். ஆற்றோடு கடல் நோக்கி நடந்தால் அடுக்குகள் வரிசையாக இளமையாகிக்கொண்டே வரும். இன்றைய முகத்துவாரத்தில் நீருக்கு அடியில் இருக்கும் கடைசிப் பகுதியை மட்டும் லிடேன் உயரும் வேகத்தைக் கொண்டு மதிப்பிட்டார். 1980களில் இங்கெமார் காட்டோ அங்கிருந்து மண்ணுருளைகள் எடுத்து எண்ணியபோது முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. வரிசையின் பழைய பகுதியிலும் சில நூறு ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன என்று கிரீன்லாந்துப் பனியுருளைகளோடு ஒப்பிட்டவர்கள் சொல்கிறார்கள். பத்தாயிரத்துக்கு மேல் எண்ணியதில் விட்டது இவ்வளவுதான் என்றால் அது குறையல்ல என்பது என் கட்சி.

டி யேரின் பெரிய சறுக்கல் வேறிடத்தில். ஸ்வீடனில் பொருந்திய வரைபடத்தை அட்லாண்டிக் தாண்டியும், அர்ஜென்டினா வரைக்கும்கூட, பொருத்திப் பார்க்கலாம் என்று அவர் நம்பினார். சூரியனின் வெப்பம் உலகுக்கெல்லாம் பொது, ஆகவே தடித்த ஆண்டு எங்கும் தடித்தே இருக்கும் என்பது வாதம். பத்துக் கிலோமீட்டரில் பொருந்துவது பத்தாயிரம் கிலோமீட்டரில் பொருந்துமா? தேடினால் ஏற்ற இறக்கக் கோடுகள் எங்காவது ஓரிடத்தில் ஒத்துப்போய்விடும், அதுதான் ஆபத்து.

1920இல் அவர் அமெரிக்கா போனபோது உடன் சென்றவர்களில் எர்ன்ஸ்ட் ஆன்டெவ்ஸ் ஒருவர். மற்றவர்கள் திரும்பிவிட, ஆன்டெவ்ஸ் அங்கேயே தங்கினார். வட அமெரிக்காவின் லாரென்டைட் பனிப்பாளம் விலகியபோது கனெக்டிகட் பள்ளத்தாக்கில் உருகுநீர் தேங்கி, ஹிட்ச்காக் என்று இன்று அழைக்கப்படும் நீண்ட ஏரி ஒன்று உண்டாயிருந்தது. அதன் களிமண்ணை ஹார்ட்ஃபோர்டிலிருந்து வெர்மான்ட் மாநிலத்தின் செயின்ட் ஜான்ஸ்பரி வரை, சுமார் 300 கிலோமீட்டர், ஆன்டெவ்ஸ் அளந்து 1922இல் நூலாக வெளியிட்டார். அந்தத் தூரத்தைப் பனி கடக்க நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். சராசரி ஆண்டுக்குச் சுமார் 70 மீட்டர். நடுவில் கிளேர்மான்ட் என்ற ஊரருகே மட்டும் ஒரு விடுபாடு. நிகழ்காலத்தோடு முடிச்சு இல்லாததால் தன் வரிசைக்கு அவராகவே ஓர் எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டார். ஆண்டு வரிசை சுத்தம், தேதிதான் இல்லை.

தேதி வேறொரு வாசல் வழியாக வந்தது. விஸ்கான்சினில் மிச்சிகன் ஏரிக்கரையில் டூ க்ரீக்ஸ் என்ற இடம். அங்கே ஒரு ஸ்ப்ரூஸ் காடு மண்ணுக்குள் கிடக்கிறது. பனி பின்வாங்கிய இடத்தில் முளைத்து வளர்ந்து, பனி திரும்ப முன்னேறி வந்தபோது மூழ்கிப் புதைந்த காடு. ஸ்காண்டிநேவிய வார்வ்களோடு இணைத்துப் பார்த்து அந்த மரங்களுக்கு 19,000 முதல் 24,000 ஆண்டு வயது சொல்லியிருந்தார்கள். வில்லார்ட் லிபி தான் அப்போதுதான் உருவாக்கியிருந்த கார்பன்-14 முறையில் அந்த மரத்துண்டுகளைச் சோதித்தார். 1950களின் தொடக்கத்தில் வெளிவந்த சராசரி 11,404 ஆண்டு, பிழை எல்லை 350. பாதிக்குப் பாதி! கார்பன் ஆண்டுகளை நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றும் இன்றைய திருத்தத்தைச் செய்தால் 13,000க்குச் சற்று மேலே வரும். அப்படிப் பார்த்தாலும் பழைய மதிப்பீடு நிற்காது. ஆன்டெவ்ஸ் எதிர்த்து எழுதினார். மற்ற புவியியலாளர்கள் கேட்டுக்கொண்டார்கள், பிறகு லிபியின் பக்கம் போய்விட்டார்கள்.

கார்பனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கார்பன் தேதி சொல்வது பனியைப் பற்றி அல்ல, உயிரைப் பற்றி. பனி போன இடத்தில் உடனே காடு வந்துவிடாது. வெறும் கல்லும் சேறுமாகக் கிடந்து, பாசி வந்து, புதர் வந்து, ஒரு சுள்ளி ஏரியில் விழுந்து புதைய எத்தனை ஆண்டு? சில இடங்களில் கொஞ்சம், சில இடங்களில் ஆயிரம்கூட. சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்துவரும் பழைய கார்பன் ஏரிச் சேற்றில் கலந்தால் தொல்லை எதிர்ப்பக்கமாகத் திரும்பும். வயது கூடிக் காட்டும். அந்தக் கலப்பு இல்லாத கார்பன் தேதி என்றால், பனி இதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு முன்னால் என்பதற்கு அதில் பதில் கிடையாது. வார்வ் நீர் வந்த ஆண்டைச் சொல்கிறது, கார்பன் இலை வந்த ஆண்டைச் சொல்கிறது. பனி விலகியதையே நேராகப் பிடிக்கும் கடிகாரம் வேண்டும் என்றால் கல்லிடம்தான் போகவேண்டும்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிச் சிதற, அவற்றில் பிறக்கும் நியூட்ரான்கள் தரைவரை வருகின்றன. குவார்ட்ஸில் இருக்கும் ஆக்சிஜன் அணுவை அப்படியொரு நியூட்ரான் உடைத்தால் எப்போதாவது பெரிலியம்-10 பிறக்கும். கல்லுக்கு மேலே சில பத்து மீட்டர் பனி இருந்தால்கூடக் கதிர்கள் உள்ளே எட்டாது. பனி விலகிய நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். கடல்மட்டத்தில், துருவத்தை ஒட்டிய பகுதிகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள் உண்டாகும். 15,000 ஆண்டு வெயில் பார்த்த கல்லில் கிராமுக்கு 60,000 இருக்கும். ஒரு கிராம் குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கையோ 2 போட்டு 22 பூஜ்யம். அந்தக் குவியலுக்குள் இந்த 60,000ஐத் தேடி எண்ணவேண்டும். பெரிலியம்-10இன் அரை ஆயுள் ஏறக்குறைய 13.9 லட்சம் ஆண்டு என்பதால் இந்தக் காலத்துக்குள் அழிந்துபோவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுதான்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நம் நாட்டவர். வாரணாசியில் பிறந்த தேவேந்திர லால், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் ஐசோடோப்புகளை ஆராய்ந்தவர்; பின்னாளில் ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர். உயரத்துக்கும் அட்சரேகைக்கும் தக்கபடி உற்பத்தி எப்படி மாறும் என்று 1991இல் அவர் எழுதிய கட்டுரை, பாறைக்கு வயது கணிக்கும் வேலைக்கு ஓர் அடித்தளம். பனிப்பாளம் கிடந்த நாடுகளில் இவர் பெயர் தெரிந்த அளவுக்கு நம் பள்ளிப் புத்தகங்களில் தெரியவில்லை.

களத்தில் இந்த வேலையைப் பார்ப்பவருக்கு அணு இயற்பியலாளர் தோற்றமே இருக்காது. சுத்தியலும் உளியுமாகக் கல்தச்சர்போல ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்திருப்பார். எந்தக் கல் என்பதில்தான் அனுபவம் பேசும். குறைந்தது ஒரு மீட்டர் உயரமாவது வேண்டும். குட்டைக் கல் மண்ணில் புதைந்திருந்து பிறகு வெளிவந்திருக்கலாம், குளிர்காலத்தில் பனித்தூவல் மூடியிருக்கலாம். உருளும் நிலையில் இருக்கக்கூடாது. உருண்டிருந்தால் முன்பு அடியில் இருந்த முகம் இப்போது மேலே. பனி தேய்த்த வழவழப்பு மேலே இன்னும் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம், கல் அரிக்கப்படவில்லை என்று பொருள். மேல்புறத்தில் சில சென்டிமீட்டர் மட்டும் ஒரு கிலோ அளவுக்குப் பெயர்த்தெடுத்துப் பையில் போட்டு எண் எழுதுவார். பிறகு சாய்வுமானியைக் கண்ணில் வைத்துச் சுற்றிலும் உள்ள மலைகளின் உயரக் கோணத்தைத் திசைதோறும் குறித்துக்கொள்வார். மலை மறைத்த வானத்திலிருந்து கதிர் வராது, அதைக் கழிக்கவேண்டும்.

ஆய்வகத்தில் நொறுக்கி, சலித்து, காந்தத்தில் ஓட்டி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குவார்ட்ஸை மட்டும் பிரிப்பார்கள். அதைக் கரைத்து, அளந்த பெரிலியம்-9ஐச் சேர்த்து, வடித்துச் சுட்டால் கடைசியில் கிடைப்பது வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகைகூட இராது. துகள் முடுக்கியோடு இணைந்த நிறமாலைமானி அதில் பெரிலியம்-10ஐ ஒவ்வொன்றாக எண்ணும்.

இந்தக் கடிகாரத்துக்கும் நோய் உண்டு. அடியில் உறைந்து பாறையோடு ஒட்டிக்கொண்ட பனி, பாறையைச் சுரண்டாமலே போய்விடும். அப்போது முந்தைய யுகத்தில் சேர்ந்த அணுக்களும் அப்படியே இருக்கும். வயது எக்கச்சக்கமாகக் காட்டும். அதனால் பனி குவித்துவிட்டுப்போன ஒரே கல்மேட்டில் ஐந்தாறு கல்லாவது எடுத்து, ஒத்துப்போகாததை ஒதுக்குவது வழக்கம். ஒதுக்குவதில் மனச்சாய்வு நுழையாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளரின் நாணயத்தைப் பொறுத்தது.

இவ்வளவு பாடுபடக் காரணம் பழைய பனி மட்டும் அல்ல. பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இன்று படகு போகும் இடம் அப்போது நடந்து போகும் தரை. அதை மூழ்கடித்த நீரில் பெரும்பங்கு ஸ்காண்டிநேவியாவிலும் வட அமெரிக்காவிலும் உருகியது. இப்போது மிச்சமிருக்கும் பனிப்பாளங்கள் எவ்வளவு வேகமாகச் சரியக்கூடும் என்று கேட்டால், செயற்கைக்கோள் பதிவுகள் சில பத்தாண்டுகளுக்குத்தான் உண்டு. மேற்கு அண்டார்க்டிகாவில் பைன் ஐலண்ட் பனியாற்றின் பக்கத்தில் பனிக்கு மேல் தலைநீட்டும் மலைமுகடுகளில் உயரம் உயரமாகக் கல்லெடுத்துப் பார்த்தவர்கள், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பும் அந்தப் பனியாறு இன்றைய வேகத்துக்கு ஒப்பாக மெலிந்தது என்றும், அந்த மெலிவு பல பத்தாண்டுகளாவது நீடித்தது என்றும் 2014இல் தெரிவித்தார்கள். ஒருமுறை தொடங்கினால் சட்டென்று நிற்காது என்பதற்கு அந்தக் கற்கள்தான் ஆதாரம்.

பெரிலியம் கணக்கு முழுக்க ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது: ஆண்டுக்கு எத்தனை அணு என்ற உற்பத்தி விகிதம். அதைச் சரிபார்க்க, பனி விலகிய ஆண்டு வேறு வழியில் திட்டமாகத் தெரிந்த ஓர் இடம் வேண்டும். இங்கேதான் ஆன்டெவ்ஸ் திரும்ப வருகிறார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக் ரிட்ஜ் பல ஆண்டுகளாக ஹிட்ச்காக் ஏரிக் களிமண்ணைத் திரும்ப அளந்து, ஆன்டெவ்ஸின் வரிசையை உறுதிசெய்து, கிளேர்மான்ட் விடுபாட்டையும் அடைத்தார். 2012இல் வெளியான தொடர் வரிசையில் 5,659 ஆண்டுகள் இருக்கின்றன. 18,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 12,500 வரை. அந்த மிதக்கும் வரிசைக்குத் தேதி கொடுத்தது எது? வார்வ்களுக்கு நடுவே சிக்கியிருந்த சுள்ளிகளிலும் இலைகளிலும் எடுத்த கார்பன்-14. ஆன்டெவ்ஸ் எதிர்த்து எழுதிய அதே முறை.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2009இல், கிரெக் பால்கோவும் ரிட்ஜும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் லிட்டில்டன்–பெத்லகேம் கல்மேடு போல, வார்வ் வரிசையால் ஆண்டு தெரிந்த இடங்களில் பாறைகளை உடைத்துப் பெரிலியத்தை எண்ணினார்கள். வடக்கே பாஃபின் தீவிலிருந்தும் கற்கள் வந்தன. உற்பத்தி விகிதம் அதுவரை உலகெங்கும் புழங்கியதைவிட 6 முதல் 12 சதவீதம் குறைவாக வந்தது. விகிதம் குறைந்தால் அதே அணு எண்ணிக்கை சேர அதிக காலம் ஆகியிருக்கவேண்டும். அந்த வட்டாரத்தில் அதுவரை பெரிலியம் கொண்டு 15,000 ஆண்டு என்று அச்சேறியிருந்த பாறை வயதுகளை 16,000, 17,000 என்று திருத்த வேண்டியதாயிற்று.